நாற்பத்தொரு மெகாபிக்சல் சனி

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். ஏழரைச் சனி, அஷ்டமத்துச் சனி, கண்டகச் சனி... அவரவர் வசதிக்கேற்ப. நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து ஒரு முழுக்கு. உடுத்தியிருந்த துணியைக்கூட குளத்தோடு விட்டுவிட்டு (விடாதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், மைக்கில் கத்துகிறார்கள், யார் கேட்கிறார்கள்?) திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள்.

"ஊர் உலகமே சனியை இறக்கி வைக்க இங்க வருது. மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போய், காசு குடுத்து ஒண்ணை வாங்கிட்டு வந்தவன் என் புள்ள ஒருத்தன்தான்!"

இது என் அப்பா சொன்னது. 2012-ம் வருஷம். அவர் 'ஒண்ணு' என்று சொன்னது என் செல்போனை.

நோக்கியா 808 ப்யூர்வியூ. பெயரைக் கேட்டதும் சிலருக்குக் கண் கலங்கும், சிலருக்குக் கொட்டாவி வரும். நான் முதல் ஜாதி. அந்த வருஷம் பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த செல்போன் திருவிழாவில் அதை அறிமுகப்படுத்தினார்கள். 41 மெகாபிக்சல் கேமரா! நல்ல போன் என்று சொல்லப்பட்டதெல்லாம் 8 மெகாபிக்சலில் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தத் திருவிழாவிலேயே சிறந்த புதிய கருவி என்று பரிசும் கொடுத்துவிட்டார்கள். செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.காம். முடித்து, காரைக்காலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 6,500 ரூபாய். போன் விலை 33,900-க்குக் கொஞ்சம் குறைச்சல். வகுத்துப் பாருங்கள். ஐந்து மாசத்துக்கு மேல் நான் காற்றைச் சாப்பிட வேண்டும்.

காற்றைச் சாப்பிடவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

அப்பாவுக்குக் குளக்கரைக்குப் போகிற வழியில் ஒரு கடை. கடை என்றால் பெரிதாக எதுவும் நினைக்காதீர்கள். நல்லெண்ணெய், எள் பொட்டலம், கறுப்புத் துணி, சீயக்காய்த்தூள், துண்டு, அவசரத்துக்கு ஒரு வேட்டி. சனிக்கிழமை நின்று வியாபாரம் பார்த்தால், மற்ற ஆறு நாளும் உட்கார்ந்து சாப்பிடலாம். கடைக்குப் பலகைக் கதவு. ஒன்பது பலகை. வரிசை மாறினால் மாட்டாது என்பதால் ஒவ்வொன்றிலும் அப்பா சுண்ணாம்பால் நம்பர் போட்டிருப்பார். தினமும் ராத்திரி ஒன்பதையும் தூக்கி மாட்டி, காலையில் ஒன்பதையும் கழற்றி... அவருக்கு அப்போதே இடுப்பில் வலி. ஷட்டர் போட வேண்டும் என்று நானும் அவருமாகச் சேர்ந்து ஒரு ஏலச்சீட்டு கட்டி வந்தோம். சீட்டு என் பெயரில்.

சீட்டு எடுத்த பணம் என் கைக்கு வந்த வாரம்தான் அந்தப் போன் சென்னைக் கடைகளுக்கும் வந்தது. மேற்கொண்டு விவரிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. காரைக்காலில் பஸ் ஏறினேன், சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழியாகச் சென்னை. அடுத்த நாள் காலையில் வெள்ளைப் பெட்டியோடு வந்து இறங்கினேன்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கேமரா இருக்கிற இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். பூரான் கடித்த மாதிரி ஒரு வீக்கம்.

"இதுல பேசலாமா?" என்றார்.

"பேசலாம்ப்பா."

"நம்ம பழைய போன்ல பேசினா கேக்கிறதை விட நல்லா கேக்குமா?"

"அதே மாதிரிதான் கேக்கும்."

"சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை அடைக்கப் போய்விட்டார். பலகையை மாட்டும்போது எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஒன்பதாவது பலகைக்கு மட்டும் "நாப்பத்தொண்ணு!"

மூன்று வருஷம் இது நடந்தது. ஒரு ராத்திரி விடாமல்.

சரி, அப்படி என்னதான் இருந்தது அந்தப் போனில்? நியாயமான கேள்வி. கேமராவில் முக்கியம், எத்தனை மெகாபிக்சல் என்பது அல்ல, வெளிச்சத்தை வாங்குகிற சில்லு எவ்வளவு பெரிசு என்பதுதான். மற்ற போன்களில் அது எள்ளு சைஸ் என்றால் இதில் துவரம்பருப்பு சைஸ். (எங்கள் கடை உவமானம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) சில்லு பெரிசானதால் லென்ஸும் பெரிசு. அதனால்தான் அந்த வீக்கம். ஜெர்மனி கார்ல் ஸைஸ் கம்பெனி லென்ஸ். இன்னொரு வேடிக்கை, 41 மெகாபிக்சல் என்று தம்பட்டம் அடித்துவிட்டு, சாதாரணமாக எடுத்தால் 5 மெகாபிக்சல் படம்தான் தரும். ஏமாற்று வேலை இல்லை. ஏழு புள்ளி பார்த்ததை ஒன்றாகக் கலந்து ஒரு புள்ளியாக எழுதும். ஒருத்தன் சாட்சி சொன்னால் நம்ப முடியாது, ஏழு பேர் சேர்ந்து சொன்னால் ஓரளவு உண்மை இருக்கும் இல்லையா? அதேதான். படத்தில் புள்ளிப் புள்ளியாகக் குருணை கொட்டாது. 'எனக்கு முழுசும் வேணும்' என்று அடம்பிடித்தால், மெனுவில் உள்ளே போய்ச் சொல்லலாம். 38 மெகாபிக்சல் வரை கொடுக்கும். ஃப்ளாஷும் டார்ச் லைட் மாதிரி இல்லாமல், ஸ்டூடியோக்காரர் அடிக்கிற மாதிரி 'பளிச்'சென்று அடிக்கும். ஸெனான் ஃப்ளாஷ். எங்கள் தெரு நாய் ஒன்று அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன் என்கிற முறையில்? அதை விடுங்கள். ஆயுசு கெட்டியில்லாத ஜாதகம் என்று தெரிந்தே பெண் கொடுத்த கதை அது. 2011 பிப்ரவரியிலேயே, 'சிம்பியனை விடப்போகிறோம், இனிமேல் விண்டோஸ்தான்' என்று நோக்கியா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. 808 வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, அதே சிம்பியனில்! அதுதான் கடைசிச் சிம்பியன் போன் என்று 2013 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள். இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். பி.காமில் 'முதலீட்டு முடிவுகள்' பாடத்தில் நான் எடுத்த மார்க்கைக் கேட்காதீர்கள்.

ஊரில் எனக்கு மவுசு வந்தது. கிருத்திகை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் "நாப்பத்தொண்ணைக் கூப்பிடு" என்பார்கள். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் வந்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு பெரிய கேமராங்கிறே. நிஜ சனியை எடுக்க முடியுமா?"

"எந்த நிஜ சனி மாமா?"

மேலே கையைக் காட்டினார். "நம்ம கோயில்ல உள்ள எடுக்கக் கூடாதும்பாங்க. மேல இருக்கறவரை எடுத்தா யாரு கேக்கப் போறா?"

மொட்டைமாடியில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போராடினோம். வந்தது ஒரு புள்ளி. தோசைக்கல்லில் தெறித்த எண்ணெய் மாதிரி. 1610-ல் கலீலியோ டெலஸ்கோப்பில் பார்த்தே அது வளையம் என்று புரியாமல், மூன்று உருண்டை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்தார். நான் எம்மாத்திரம்? மாமா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பயபக்தியோடு சொன்னார்: "இது போதும்ப்பா. இதுக்கு மேல கிட்ட வந்தா ஆபத்து!"

எல்லாரையும் எடுத்தேன். அப்பாவை மட்டும் எடுக்க முடியவில்லை. அவருக்குப் போட்டோவே ஆகாது. கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். "மூஞ்சியைப் பிடிச்சு வச்சு என்ன பண்ணப் போறே?" என்பார். சீட்டுப் பணத்தில் வந்த கேமரா வேறு. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

2014 டிசம்பர் 16, சனிப்பெயர்ச்சி. சனி துலாமிலிருந்து விருச்சிகத்துக்கு மாறிய நாள். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் அன்றைக்குப் பிதுங்கும். நானும் கடையில் ஒத்தாசைக்கு நின்றேன். மத்தியானம் கூட்டம் ஒரு பெருமூச்சு விட்ட நேரத்தில் அப்பா கடை வாசலில், கழற்றி வைத்த பலகைகள் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். எள் மூட்டையை அவிழ்த்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. கூரையின் ஓட்டை வழியாக வெயில் சரியாக அவர் முகத்தில் பாதியில். நான் போனை எடுத்தேன். எதற்காகவோ அன்றைக்கு அதை 38 மெகாபிக்சலில் வைத்திருந்தேன். ஒரே ஒரு கிளிக்.

சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்ப்பா."

"காட்டு."

காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டியது என் முட்டாள்தனம். இடது புருவத்தில் சின்ன வயசில் அறுவாள் பட்ட தழும்பு. கன்னத்தில் வேர்வை. பனியன் கழுத்தில் எண்ணெய்க் கறை. முன்கை முடியில் ஒட்டிய எள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பின்னால் பலகையில் அவரே போட்ட '7', சுண்ணாம்பு உதிர்ந்து தெரிகிறது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. உலகத்தில் எந்தப் போனும் அன்றைக்கு இப்படி எடுத்திருக்காது!

அப்பா ஒன்றும் பேசாமல் பார்த்தார்.

"இவ்வளவு கெழவனா ஆயிட்டனா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அப்புறம், "அழிச்சிடு" என்றார்.

"சரிப்பா."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்ப்பா."

அழிக்கவில்லை.

அடுத்த வருஷம் இதே மாதிரி நாலு பத்திரிகைக்கு நான் எழுதிய காசும் ஆபீஸ் போனஸும் சேர்த்துக் கடைக்கு ஷட்டர் போட்டேன். முதல் நாள் ராத்திரி 'கடகட'வென்று ஒரே இழுப்பில் இறங்கியது. அப்பா வாசலில் நின்றுகொண்டே இருந்தார். எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

போனுக்கு மூப்பு வந்தது. 2017 ஜூன் 30-ஓடு சிம்பியன் போன்களில் வாட்ஸ்அப் நின்றது. வாட்ஸ்அப் இல்லாதவனை நம் நாட்டில் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சொந்த சித்தப்பா மகள் நிச்சயதார்த்தமே எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. சாதாரணப் போன் ஒன்று வாங்கி, 808-ஐ பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

2019 ஆவணியில் அப்பா போனார். கடையில் இருந்து வந்து, மோர் கேட்டு, அம்மா மோரோடு வருவதற்குள்.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். கல்யாண ஆல்பத்தில் முகம் திரும்பியிருக்கிறது. ஆதார் கார்டில் இருக்கிற முகத்தை... உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள், புரியும். அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பி.காமில் முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. எந்த வரவையும் இரண்டு இடத்தில் எழுது என்று தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அந்தப் படத்தை ஒற்றைப் பதிவாக விட்டிருந்தேன். வேறு எங்கேயும் பிரதி இல்லை. இரண்டு வருஷம் சார்ஜ் போடாத போன். ஒயரைச் சொருகிவிட்டு நானும் என் மனைவியும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். "வேற சார்ஜர் இருக்காங்க?" என்றாள் அவள். எனக்குப் பதில் சொல்லத் தொண்டை வரவில்லை. இருபது நிமிஷம் கழித்து, இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடிக்கிற அந்தப் பழைய படம் திரையில் வந்தது.

காரைக்காலில் ஒரு ஸ்டூடியோ. பெயர் வேண்டாம், நல்ல மனுஷர். கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். ஆச்சரியப்பட்டார். "எந்த கேமரா சார்?" என்றார். புடைத்த போனைக் காட்டினேன். நம்பவில்லை. அவர் இன்னும் பெரிதாக்க, அப்பாவின் மூக்குக் கண்ணாடி திரை முழுக்க வந்தது. அதில் ஒரு நிழல். போனைக் கையில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைமுடி கலைந்து நிற்கிற ஒருத்தன். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒருவனாக இரண்டு பேர். ஐந்து வருஷமாகப் படத்தில் நானும் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மறுநாள் பிரேம் போட்டுத் தந்தார். பின்னால் நீல வானம். பலகை இல்லை, '7' இல்லை. புருவம் ஒழுங்காக, தழும்பே இல்லாமல். வேர்வை துடைத்தாயிற்று. முகம் மாநிறத்திலிருந்து இரண்டு படி ஏறி நின்றது. பனியன் போய் வெள்ளைச் சட்டை. கண்ணாடிக்குள் சுத்தமாக இரண்டு கண்.

"கண்ணாடியில கொஞ்சம் க்ளேர் அடிச்சிருந்துது சார், அதையும் எடுத்துட்டேன்" என்றார் பெருமையாக.

அந்தக் க்ளேர் நான்தான் சார் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "யாருடா இது?" என்றாள்.

திரும்ப ஓடினேன். 'எடுத்ததை எல்லாம் திரும்பப் போட்டுக் குடுங்க' என்று ஒருத்தன் வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்? தலையைச் சொறிந்தபடி, உள்ளது உள்ளபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். தழும்பு, வேர்வை, பனியன், எள், எல்லாம். அதுதான் இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது. 'அழிச்சிடு' என்று அப்பா சொன்ன படம். தினமும் அதற்குப் பூ வைக்கிறோம்.

இது ஐந்து வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

2024-ல் மறுபடி ஒரு கேமரா போன் வாங்கினேன். வியாதி முற்றினால் விடாது. இந்த முறை சீட்டுப் பணம் இல்லை, மாசத் தவணை, மனைவி கையெழுத்தோடு. கம்பெனி பெயர் எதற்கு? இன்றைக்கு ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் இதைத்தான் செய்கிறது. பின்னால் மூன்று கண். வீக்கம் அதே வீக்கம்தான், ஆனால் இப்போது அதை அழகு என்று சொல்லி விளம்பரம் செய்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ராத்திரி ராஜகோபுரத்தை வெறும் கையில் பிடித்து எடுத்தேன், அசந்துபோனேன். 808-ல் இது நடக்காது. புதுசு ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. நீங்கள் அமுக்குகிற கண நேரத்தில் பல படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆடியதைச் சரிசெய்து, இருட்டைத் தூக்கி, ஒன்றாக்கித் தருகிறது. ஓடுகிற பேருந்திலிருந்து வீடியோ எடுத்தால் பல்லக்கில் போகிற மாதிரி இருக்கிறது. தூரத்தில் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த காக்காயை இழுத்து எடுத்தேன். அலகு வரை தெரிகிறது. ஆனால் இறகைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே வரிசை. எந்தக் காக்காய் தலை வாரிக்கொள்கிறது? கடையில் எள் மூட்டையை எடுத்தால், கிட்டே போனதும் எள் உருண்டையாகக் குழைகிறது. பழசு பார்த்ததைச் சொன்னது. புதுசு பார்த்தது கொஞ்சம், 'இப்படித்தான் இருக்கும்' என்று ஊகித்துச் சொல்வது கொஞ்சம். 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்தார். அந்த மங்கலில் இல்லாத பள்ளமெல்லாம் படத்தில் வந்துவிட்டது! நிலா என்று தெரிந்தால் செயற்கை அறிவைக் கொண்டு நுணுக்கத்தைக் கூட்டுகிறோம் என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. நல்லவேளை, மாமா இதைப் படிக்கவில்லை. சனியையும் அப்படி எடுத்துத் தா என்பார்.

மாமாவுக்கு வேறு வேலை இருந்தது. 'திருநள்ளாறுக்கு மேலே வந்தால் சாட்டிலைட் மூன்று விநாடி நின்றுவிடும், நாசாவே திகைத்தது' என்ற வாட்ஸ்அப் செய்தியை எனக்கு மாசம் ஒருமுறை அனுப்புவார். அது கட்டுக்கதை மாமா, பூமிக்குக் கிட்டே சுற்றுகிற சாட்டிலைட் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிறது, நின்றால் நம்ம தலையில்தான் விழும் என்று நானும் மாசம் ஒருமுறை பதில் எழுதுவேன். 2025 மார்ச்சில் அந்தச் சண்டைக்கு விடுமுறை. 29-ம் தேதி சனிப்பெயர்ச்சி என்று எல்லா இடத்திலும் செய்தி. எங்கள் கோயில் தரப்பிலோ, 'நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி 2026-ல்தான்' என்று அறிவித்துவிட்டார்கள். "ஊர்ல சனி எப்ப மாறுவார்னு ஊர்க்காரன் எனக்கே தெரியலையே" என்று மாமா புலம்பினார். அதே மார்ச்சில்தான் சனியின் வளையம் பூமிக்கு நேர் விளிம்பாகத் திரும்பி, டெலஸ்கோப்பில் பார்த்தாலும் இல்லாத மாதிரி ஆனது. சுமார் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். எங்கள் மொட்டைமாடிப் புள்ளிதான் சரி என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாவுக்கு வருகிறேன். புதுப் போன் வந்த இரண்டாம் நாள், அப்பா படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினவளை எடுத்தேன். பார்த்ததும் திக்கென்றது. எழுபத்திரண்டு வயசு அம்மாவுக்கு ஐம்பது வயசு! நெற்றிச் சுருக்கம் இல்லை. கன்னம் இஸ்திரி போட்ட மாதிரி. மூக்குத்திப் பக்கத்தில் இருக்கிற மருவைக் காணவில்லை. நான் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. முகம் என்று கண்டுகொண்டதும் அதுவே மாவு பூசிவிட்டது. செட்டிங்குக்குள் போய், 'அழகூட்டல்' என்று இருந்ததைத் தேடிப் பிடித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். "அம்மா, இன்னொரு தடவை நில்லு."

"ஏன், எடுத்தியே?"

"அது சரியா வரலை."

"காட்டு."

இந்தக் 'காட்டு' எனக்குப் பழக்கமான 'காட்டு'. காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாத்தானடா இருக்கு! இதையே வை."

"அது நீ இல்லம்மா. மிஷின் பூசினது."

"பூசினா என்ன? கல்யாணத்தன்னிக்கு எனக்கும்தான் பூசினாங்க. அது நான் இல்லையா?"

எனக்கு வாயடைத்துப்போனது. சுவரில் அப்பா எள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பா அந்தப் படத்தை அழிக்கச் சொன்னாரு. அழிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அவருக்குப் பிடிக்காத படத்தைத்தான் மாட்டி வச்சிருக்கோம்."

அம்மா சுவரைப் பார்க்கக்கூட இல்லை. புதுப் போனிலேயே கண்.

"அவரு சொன்னதுல எதைக் கேட்டே நீ, இதைக் கேக்க?" என்றாள்.

808 இப்போதும் பீரோவில் இருக்கிறது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். படத்துக்கு இப்போது நாலு பிரதி, நாலு இடத்தில். ஒருநாள் கணக்குப் புத்தி தலைதூக்க, வருமான வரிச் சட்டத்துத் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவிகிதம் கழிக்கலாம், போனுக்கு 15 சதவிகிதம்தான். குறைந்து செல் மதிப்பு முறையில் 13 வருஷம் கழித்தால், இன்னும் சுமார் 4,100 ரூபாய் புத்தக மதிப்பு நிற்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய போன் வாங்குகிறவரிடம் காட்டினேன். "இருநூறு தரேன் சார், பேட்டரி உப்பியிருக்கு" என்றார். பேட்டரி இல்லை, அது கேமரா என்று விளக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள்.

"டேய், அந்தப் படத்தைப் பெரிசு பண்ணி வச்சிடு. எனக்கு ஒண்ணுன்னா அதைத்தான் மாட்டணும். அவரு பக்கத்துல."

"என்னம்மா பேச்சு இது? அதுவும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா, அவருக்கு மக மாதிரியில்ல இருப்பே?"

"இருந்துட்டுப் போறேன்" என்றாள் அம்மா. "வர்றவன் கேட்டா, அவரு நாப்பத்தொண்ணு, நான் புதுசுன்னு சொல்லு."